பதிவக வரைவிலக்கணமும் அறிவுடைமையும்

வன்பொருளின் ஒவ்வொரு பதிவகத்துக்கும் ஒரு முகவரி உண்டு. அதன் ஒவ்வொரு பிட்டுக்கும் பொருள் உண்டு. இவற்றைப் பெயரிட்டுத் தொகுத்த வரைவிலக்கணங்களின்றிப் பணிசெயல் முறைமையின் கரு அவ்வன்பொருளைச் செவ்வனே இயக்கமாட்டாது. லினக்ஸ் கருவில் ஏஎம்டியின் வரைவியற் சில்லுகளுக்குரிய வரைவிலக்கணங்கள் அந்நிறுவனத்தாலேயே தரப்படுவன. இயந்திரமுறையில் ஆக்கப்பட்டுப் பல இலட்சம் வரிகளாய் விரிவன. (மனிதர் வாசிப்பதற்கென எழுந்தவையல்ல அவை.)

என்விடியாவோ அவ்வறிவை நெடுங்காலம் தன் தனியுடைமையாகவே பேணிற்று. ஆதலின் நூவோ செயற்றிட்டத்தினர், நிறுவனத்தின் செலுத்தி நிரல் எம்முகவரியில் எவ்வெண்ணை எழுதுகின்றது என்பதைப் பதிவுசெய்து, பொருளை உய்த்துணர்ந்து, வரைவிலக்கணங்களைத் தாமே தொகுத்தனர். அவர்தம் செலுத்தி 2010இல் வெளியான கருப்பதிப்பில் இடம்பெற்றது. பொருள் துலங்காத பதிவகங்கள் அதில் வெற்றெண்களாகவே நின்றன. புதிய சில்லுத் தலைமுறை தோன்றுந்தோறும் அவ்வுழைப்பு மீளவும் வேண்டப்பட்டது. 2022இல் என்விடியா தன் கருக்கூறுகளின் மூலநிரலை வெளியிட்டது உண்மையே. ஆயின் அதற்குள், செலுத்தி ஆற்றிய பணியிற் பெரும்பகுதி சில்லினுள் இயங்கும் மூடிய நிலைபொருளுக்கு இடம்பெயர்ந்துவிட்டது.