நாலு கிலோமீட்டர் பனிக்கு அடியில் என்ன இருக்கு? வாங்க, எட்டிப் பார்ப்போம்!

அண்டார்டிகா என்றாலே பென்குயின் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எவ்வளவு பெரிய அநியாயம்! அசல் அதிசயமெல்லாம் பனிக்கு அடியில்தான் கிடக்கிறது. காம்பர்ட்சேவ் என்று ஒரு மலைத்தொடர், ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் அளவுக்கு ஓங்கிய மலைகள், மொத்தமாகப் பனியில் புதைந்து கிடக்கின்றன. அவற்றின் சிகரங்களை மனிதக் கண் பார்த்ததே இல்லை. ஆனால், வரைபடம் இருக்கிறது! எப்படி?

இந்தக் கதை விமானத்தில் ஆரம்பிக்கிறது. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம் என்று ரேடியோ அலையை அனுப்பிப் பார்க்கும் கருவி ஒன்று விமானத்தில் உண்டு. பனிக்கு மேலே போனதும் அது தப்புத் தப்பாகச் சொன்னது. அலை பனியின் மேற்பரப்பில் நிற்காமல் உள்ளே ஊடுருவிப் போய்விடுகிறது! விமானிகளுக்கு அது உயிராபத்து. அமெரிக்க ராணுவத்தின் ஆமோரி வெயிட்டுக்கு அது புதையல். ரேடியோ அலையாலேயே பனியின் ஆழத்தை அளக்கலாம் என்று 1950களில் காட்டினார். பிறகு கேம்பிரிட்ஜில் ஸ்டான் எவன்ஸ் பனிக்கென்றே தனி ரேடார் செய்தார்.

இன்றைக்கும் அடிப்படை அதேதான். பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தின் சிவப்பு ட்வின் ஆட்டர் விமானம், இறக்கைக்கடியில் ஆன்டெனாக்களோடு, ஏர் உழுவதுபோல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ப் போய்த் திரும்பும். பனிக்குள் ரேடியோ அலை மைக்ரோநொடிக்கு 168 மீட்டர் ஓடுகிறது. 3 கி.மீ. பனியைத் துளைத்துத் தரையைத் தொட்டுத் திரும்ப 36 மைக்ரோநொடி போதும். கீழே பாறை இருந்தால் எதிரொலி மங்கல், தண்ணீர் இருந்தால் பளிச்! சுமார் 250 கி.மீ. நீளமுள்ள வோஸ்டாக் ஏரி, ஏறக்குறைய 4 கி.மீ. பனிக்கடியில் ஒளிந்திருந்தும் அகப்பட்டதற்கு இந்தப் பளிச்சும் ஒரு காரணம்.

தரை எங்கே என்று ரேடார் சொல்லிவிடும். அந்தத் தரை கெட்டிப் பாறையா, ஈரச் சேறா? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெடி வைக்க வேண்டும்! த்வெய்ட்ஸ் பனியாற்றில் அதைத்தான் செய்கிறார்கள். வெந்நீரைப் பீய்ச்சிப் பனியில் துளை போட்டு, வெடிமருந்தை இறக்கி, மேலே பனியில் ஜியோஃபோன்களை வரிசையாக ஊன்றுகிறார்கள். அவை நில அதிர்வைக் கேட்கும் சின்னச் சின்னக் காதுகள். வெடிக்கும் நேரத்தில் யாரும் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. காலடி அதிர்வும் பதிவாகிவிடும். காற்று பலமாக அடித்தால் அன்றைய வேலை கெட்டது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அடியில் நீர் ஊறிய இளகிய சேறு இருந்தால் எதிரொலியின் அலைவடிவம் தலைகீழாகத் திரும்பி வரும். மேடு பள்ளமாகிவிடும், பள்ளம் மேடாகிவிடும். கணினித் திரையில் அந்த ஒரு கோட்டைப் பார்த்தே, பனியாறு எதன்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது என்று சொல்லிவிடலாம். அது கடலை நோக்கி எவ்வளவு வேகமாக ஓடும் என்பது அந்தச் சேற்றின் கையில்தான் இருக்கிறது!

வெடியே வேண்டாம் என்று தானாகவே அதிர்கிற பனியாறும் உண்டு. விலன்ஸ் பனியோடை பெரும்பாலும் நாளுக்கு இரண்டு தடவை, கடல் அலையேற்ற இறக்கத்தை ஒட்டி, அரை மணி நேரத்தில் அரை மீட்டர் முன்னால் நழுவுகிறது. அந்த நழுவலைக் கணக்குப் போட்டால் 7 அளவு நிலநடுக்கத்துக்கு ஈடு! அதன்மேலேயே கூடாரம் போட்டிருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவு மெதுவாக நகர்கிறது. காட்டிக்கொடுத்தவை ஜிபிஎஸ்ஸும் நில அதிர்வுமானியும்தான்.

வானத்திலிருந்து எடை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2002இல் பறந்த கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களுக்குச் செல்லப்பெயர் டாம், ஜெர்ரி! 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றையொன்று துரத்தின. கீழே பனி மிகுந்த இடம் வந்தால் ஈர்ப்பு கூடி, முதலில் போவது சற்றே முன்னே இழுபடும். அந்த இடைவெளி மாற்றத்தை மைக்ரான் கணக்கில் அளந்தார்கள். கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் பனியை இழக்கிறது என்ற பயங்கரமான கணக்கு இந்தத் துரத்தலிலிருந்து வந்ததுதான்.

பழைய படச்சுருள்களும் வீண்போகவில்லை. 1970களில் ரேடார் எதிரொலிகளை 35 மி.மீ. ஃபிலிமில் பதிவு செய்து கேம்பிரிட்ஜில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவற்றை ஸ்கேன் செய்து இன்றைய அளவீடுகளோடு ஒப்பிட்டவர்கள், த்வெய்ட்ஸின் கிழக்குப் பனித்திட்டு மெலிந்துவிட்டதை 2019இல் காட்டினார்கள். அன்றைக்கு அளந்தவர்களுக்குக் கோடி நன்றி.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலான இந்த உழைப்பெல்லாம் சேர்ந்ததுதான் 2025இல் வெளியான பெட்மேப்3. 8 கோடிக்கும் மேற்பட்ட அளவுப்புள்ளிகள், பனியை உரித்துவிட்டுப் பார்க்கும் அண்டார்டிகா! மிகத் தடித்த பனி 4,757 மீட்டர், வில்க்ஸ் லேண்டில் பெயரே இல்லாத ஒரு பள்ளத்தாக்கில். இந்த வரைபடம் எல்லோருக்கும் இலவசம். வீட்டில் பூகோளம் பிடித்த பிள்ளை இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்காரவைத்துத் திறந்து காட்டுங்கள்.