உங்க வீட்டு ரசத்துல இருக்கிற மிளகு எந்த ஊரு? ஓர் ஒப்பந்தத்தின் கார(ண)ம்!

மதுரை கே.கே. நகர் மளிகைக் கடையில் 100 கிராம் மிளகு கேட்டால், எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அது தாண்டிக்குடி மலையில் காபித் தோட்டத்துக்குள் விளைந்ததா, இலங்கையின் மாத்தளையில் விளைந்ததா? நாம் கேட்பதே இல்லை. ஆனால், அந்தப் பொட்டலத்துக்குள் இரு நாட்டு அரசியல் இருக்கிறது.

வரியில்லாக் கதவு

1998 டிசம்பர் 28-ல் பிரதமர் வாஜ்பாயும் இலங்கை அதிபர் சந்திரிகாவும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. மிளகு இறக்குமதிக்கு இந்தியாவின் வழக்கமான வரி 70%. இலங்கை மிளகுக்கோ, ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை. அதற்கு மேல் வந்தால், தெற்காசிய ஒப்பந்தப்படி 8% மட்டுமே.

புகார் எங்கே எழுந்தது?

உலகில் அதிகம் மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம். அந்த மிளகு கொழும்பில் இறங்கி, 'இலங்கை விளைச்சல்' என்ற சான்றிதழோடு இங்கே வருகிறது என்று நம் விவசாயிகள் கொதித்தார்கள். விலையும் சரிந்தது. 2017 டிசம்பரில் மத்திய அரசு, இறக்குமதி மிளகுக்குக் குறைந்தபட்ச விலையாகக் கிலோவுக்கு 500 ரூபாய் நிர்ணயித்தது.

இங்கே மலைத்தோட்டக்காரர்களுக்கு இது ஆறுதல். ஆனால், இலங்கை மிளகை அதிகம் வாங்குவதே இந்தியாதான். குறுக்குவழியில் லாபம் பார்த்தவர் யாரோ. அடி விழுந்தது, நேர்மையாக மிளகு விளைவித்த இலங்கை விவசாயி மீதும்தான். காரமும் எண்ணெய்ச் சத்தும் கூடுதலான அந்த மிளகை நம்பியிருக்கும் சாறு எடுக்கும் ஆலைகளுக்கும் செலவு கூடியது.

பக்கத்து வீடு, பூட்டிய கதவு

ஆசியான் நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் சுமார் கால் பங்கு அவர்களுக்குள்ளேயே நடக்கிறது. தெற்காசியாவில் அது 5% அளவுதான். 1985-ல் பிறந்த சார்க் அமைப்பின் உச்சி மாநாடு 2014-ல் காத்மாண்டுவில் கூடியது, அதன்பின் கூடவில்லை. நம்பிக்கை இல்லாத இடத்தில் வரியைக் குறைத்தால், சந்தேகம்தான் முதலில் இறக்குமதியாகிறது.

மதுரையிலிருந்து கொழும்பு, விமானத்தில் ஒரு மணி நேரம்தான். மிளகுக்குத்தான் அந்தத் தூரம் இன்னும் குறையவில்லை!

அடுத்த முறை பாக்கெட் மிளகு வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். இறக்குமதிப் பொருள் என்றால், எந்த நாடு என்று அச்சிட வேண்டும் என்பது விதி.