கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பூச்சிமருந்தா?

தெளிப்பு முடிந்ததும் மிச்சமிருக்கும் பூச்சிமருந்தை எங்கே வைக்கிறீர்கள்? வயல் ஆய்வுக்குப் போகும் வீடுகளில் நான் முதலில் கவனிப்பது அதைத்தான். ஜன்னல் திட்டு, கட்டிலுக்கு அடி, மோட்டார் ரூம் மூலை என்று கண்ட இடத்தில் இருக்கும். ஒரு வீட்டில் அடுப்படி வாசலில், விளக்கெண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. அந்த வீட்டில் தவழும் குழந்தை இருந்தது.

இதைவிட ஆபத்து, மருந்து பாட்டில் மாறுவது. "ரெண்டு மூடி மருந்து குடுங்கண்ணே, நாளைக்கு வாங்கித் தர்றேன்" என்று பக்கத்து வயல்காரர் வருவார். நாமும் காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்போம். மருந்தின் பெயர், எச்சரிக்கை முக்கோணம் எதுவும் அதோடு போவதில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஜூஸ். இ.சி. வகை மருந்துகள் தண்ணீரில் கலந்ததும் பால்போல வெளுக்கும். வாளியில் கலக்கி வைத்துவிட்டு நகர்ந்தால், மோர் என்று எடுத்துக் குடிக்கக்கூடும்.

கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் அவரது தெளிப்பான் டேங்கையே கொண்டுவரச் சொல்லி, அளந்து அதிலேயே ஊற்றுங்கள். தேவைக்கு மட்டும் சிறிய பாட்டிலாக வாங்கினால் மிச்சமே இருக்காது. இருந்தால் அதன் சொந்த டப்பாவிலேயே, பூட்டு போட்ட பெட்டியில் வையுங்கள். உயரமான பரண் மட்டும் போதாது. நாற்காலி போட்டு ஏறும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பு டேங்கிலேயே ஊற்றி, டப்பாவை ஓட்டை போட்டுவிடுங்கள். அதில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டாம்.

எலி மருந்தும் இப்படித்தான். 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்டை தமிழக அரசு தடை செய்துவிட்டது. பழைய டியூப் வீட்டில் கிடக்கிறதா என்று இன்றே தேடுங்கள். பிஸ்கட்டிலும் தேங்காய்ச் சில்லிலும் தடவி வைப்பது குழந்தைக்கே வைத்த மாதிரி. அதைத் தின்ற குழந்தை முதலில் தேறியதுபோலத் தெரியும். சில நாளில் கல்லீரல் செயலிழக்கும். நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயுவை வெளிவிடும். ஆள் படுத்து உறங்கும் வீட்டில் அதை வைக்கவே கூடாது.

மீறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இ.சி. மருந்தில் உள்ள கரைப்பான் வாந்தியோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். உடம்பில் சிந்தியிருந்தால் துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எச்சில் வடிகிறதா, வியர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்; உடனே 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் உள்ளிருந்த துண்டுச்சீட்டையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் கொடுங்கள். எந்த விஷம், அதற்கு எது முறிவு மருந்து என்பது அதில்தான் அச்சிட்டிருக்கும்.