சுண்டி விடும் மின்சாரம்

(இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

காஞ்சி பிள்ளையார்பாளையத்தில் என் தந்தை தறிக்கயிற்றைச் சுண்டி இழுத்ததும் நாடா பாவின் ஊடே பாய்ந்து மறுகரை சேரும். மெல்ல இழுத்தாலோ பாதி வழியில் நின்றுவிடும். குறைகடத்தி லேசரும் இப்படித்தான் என்பதை இறுதியாண்டுச் செய்முறைத் திட்டத்தில் பாடம் படித்தேன்.

1962இல் அமெரிக்காவில் ராபர்ட் ஹால் குழுவினர் காலியம் ஆர்சனைடு படிகத்தைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து, மின்துடிப்புகள் செலுத்தி லேசர் ஒளி பெற்றனர். இன்று தூரமும் வாகன வேகமும் அளக்கும் கருவிகளில் 905 நானோமீட்டர் துடிப்பு லேசர் பயன்படுகிறது. 150 மீட்டர் தொலைவுக்கு ஒளி போய்த் திரும்ப ஒரு மைக்ரோ வினாடி ஆகும். 10 நானோ வினாடி பிசகினால் ஒன்றரை மீட்டர் பிழை! எனவே ஒளி சட்டென எழ வேண்டும்.

இதற்கு 30 ஆம்பியர் தேவை எனக் கொள்வோம். தொடர்ந்து கொடுத்தால் கடுகினும் சிறிய அந்தச் சில்லு வெந்துவிடும். பின் என்ன வழி?

சொட்டுச் சொட்டாய் நிரம்பிய குடத்தை ஒரே வீச்சில் கவிழ்ப்பதுதான்! 0.03 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை 100 வோல்ட்டுக்கு மின்னேற்றினால் 3 மைக்ரோ கூலூம் சேரும். அது லேசர் வழியே 100 நானோ வினாடியில் இறங்கினால் சராசரி 30 ஆம்பியர். வினாடிக்கு 1000 முறை கவிழ்த்தாலும், மின்வழங்கி தர வேண்டியது 3 மில்லி ஆம்பியரே. கவிழ்க்கும் கையாக முன்பு தைரிஸ்டரும் அவலாஞ்சு டிரான்சிஸ்டரும் இருந்தன. இப்போது மாஸ்ஃபெட்டும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரும் அவற்றோடு சேர்ந்துள்ளன.

கணக்கு சரி, நான் தவறியது கம்பியில். பத்து சென்டிமீட்டர் கம்பியால் இணைத்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 நானோ ஹென்றி தூண்டல் உண்டு. ஆக 100 நானோ ஹென்றி. அதில் 30 ஆம்பியர் 10 நானோ வினாடியில் எழ 300 வோல்ட் வேண்டும். என்னிடம் இருந்ததோ 100! துடிப்பு சோம்பலாக எழுந்தது. ஓட்டம் ஊசலாடி எதிர்த்திசையிலும் பாய்ந்தது. தந்தையின் கூலிப் பணத்தில் வாங்கிய லேசர் அன்றே அணைந்தது.

இரண்டாம் முறை மின்தேக்கி, சுவிட்சு, லேசர் மூன்றையும் ஒட்டி வைத்துக் கம்பியை ஒரு சென்டிமீட்டராகக் குறைத்தேன். 30 வோல்ட்டே போதுமானது. எதிர்மின்னழுத்தம் தாக்காதிருக்க லேசருக்குக் குறுக்கே, எதிர்முகமாக ஒரு டையோடும் இணைத்தேன். அலைநோக்கித் திரையில் துடிப்பு கூர்மையாக எழுந்தது.

நண்பர்களே, ஓர் எச்சரிக்கை! இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும். லேசர் முகத்தை ஒருபோதும் உற்றுப் பார்க்காதீர்கள்.

நடந்ததைத் தந்தையிடம் சொன்னேன். "கயிறு தொய்ந்தால் நாடா ஓடுமா?" என்றார். நான் ஒரு லேசரை இழந்து கற்றதை அவர் தறியில் என்றோ கற்றிருந்தார்.