நுளம்பின் ஆயுளும் ஒரு சமன்பாடும்

உயர்தரத்துக்குப் போகும் பிள்ளையைக் கண்டால் வன்னியில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "மட்ஸா, பயோவா?" பதினாறு வயதில் சொல்லும் அந்தப் பதிலோடு பாதை பிரிந்துவிடுகிறது. பயோ எடுத்தவர் இணைந்த கணிதத்தின் பக்கமே போவதில்லை. மட்ஸ் எடுத்தவருக்கு உயிரியல் சாதாரண தரத்தோடு சரி. 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவில், பம்பைமடுவில், இரு தரப்பாரும் ஒரே பிரயோக விஞ்ஞான பீடத்தில்தான் படிக்கிறார்கள். பட்டப்பின் படிப்பிலாவது இவர்களை ஒரே கரும்பலகைக்கு முன்னால் இருத்த வேண்டும். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கணிப்பு உயிரியலில் முனைவர் பட்டத்துக்கே ஆய்வு செய்கிறார்கள். இங்கே தொடங்குவதற்குப் பாடம் தேடி அலைய வேண்டியதில்லை. மலேரியா இருக்கிறது.

காய்ச்சலுக்குப் பயந்து வன்னிக் குளக்கரைகளில் குடியேறத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. 1897இல் சிக்கந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் றொஸ், 1911இல் வெளியிட்ட நூலில் கணக்குப் போட்டு வாதாடினார். நுளம்பை அடியோடு அழிக்கத் தேவையில்லை, தொகை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினாலே நோய் தானாக அவிந்துவிடும் என்றார். 1950களில் ஜோர்ஜ் மக்டொனால்ட் அந்தக் கணக்கில் நுளம்பின் ஆயுளை நடுவில் வைத்தார்.

நோயாளியின் இரத்தத்தைக் குடித்த நுளம்புக்குள் கிருமி முதிர ஏறத்தாழப் பத்து நாள் பிடிக்கும். அதுவரை நுளம்பு சாகாமல் இருந்தால்தான் அடுத்தவருக்குத் தொற்றும். ஒவ்வொரு நாளும் நூற்றுக்குத் தொண்ணூறு தப்பினால், பத்து நாளில் நூறில் 35 மிஞ்சும். எண்பது தப்பினால் 11 மட்டுமே. மிஞ்சியவையும் அதிக நாள் வாழ்ந்து கடிக்கப் போவதில்லை என்பதையும் சேர்த்தால், தொற்றும் வலு ஏழில் ஒன்றாகிறது. குடம்பிகளில் பாதியை அழித்தாலோ வலு பாதியாகத்தான் குறையும். 1940களின் நடுப்பகுதியிலிருந்து வீட்டுச் சுவர்களுக்கு அடித்து, அங்கே அமரும் நுளம்பின் ஆயுளைக் குறைத்த டி.டி.ரி. ஏன் அவ்வளவு பலித்தது என்பதற்கு விடை இந்தப் பெருக்கலில் இருக்கிறது. எனக்கு இது இன்றும் வியப்புத்தான்.

1934-35 கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். 1963இல் பதிவான நோயாளிகள் 17 பேர் மட்டுமே. ஒழிந்தது என்று மருந்தடிப்பதிலிருந்து கையை எடுத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. நோயாளிகள் குறைந்தார்களே தவிர, நுளம்பும் அதன் ஆயுளும் பழையபடி திரும்பியிருந்தன. பதினேழு என்ற எண் மனதுக்கு ஆறுதல் தந்தது, சமன்பாட்டுக்கு அது போதவில்லை.

ஒழிப்புக்கு முன் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார தாபனம் சான்றிதழ் தந்தது. அதே ஆண்டின் இறுதியில், வன்னியை அடுத்த மன்னாரில், அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பு பிடிபட்டது. ஆற்றுக் குட்டைகளைத் தேடும் பழைய நுளம்பைப் போலல்லாமல், இது கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும். வீட்டுக்கு வீடு கிணறுள்ள ஊர்கள் நம்முடையவை.

முதல் அமர்வுக்குக் கேள்வி இதுவாக இருக்கட்டும்: வெளிநாட்டிலிருந்து கிருமியோடு ஒருவர் கிளிநொச்சிக்கு வந்து இறங்கினால், எத்தனை நாளுக்குள் அவரைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்க வேண்டும்? கிணறுகளில் நுளம்பை எண்ணப் பயோக்காரர் போகட்டும், அந்த எண்ணைச் சமன்பாட்டில் இட மட்ஸ்காரர் பக்கத்தில் இருக்கட்டும்.