அரளி... வேலிக்கு அழகு, வாய்க்கு விஷம்!

கடற்கரை ஓரமா வீடு கட்டியிருக்கீங்களா? ஆசையாக வைத்த ரோஜாச் செடி உப்புக் காற்றில் கருகிப் போகிறதா? கவலையை விடுங்க. இருக்கவே இருக்கு, அரளி!

சித்த மருத்துவத்தில் இதை 'அலரி' என்போம். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். சிவப்பு, வெள்ளை, ரோஸ் என்று கொத்துக் கொத்தாகப் பூக்கும். இலை தோல் மாதிரி தடிப்பு. மூச்சுத் துளைகள் இலையின் அடிப்பக்கத்தில், ரோமம் மூடிய குழிகளுக்குள் இருக்கின்றன. அதனால் ஈரம் சட்டென்று வற்றுவதில்லை.

வளர்ப்பதும் சுலபம். பென்சில் பருமனில் ஒரு ஜாண் குச்சியை வெட்டி, அடி இலைகளை நீக்கிவிட்டு, மணற்பாங்கான மண்ணில் நடுங்கள். நல்ல வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. புதுக் கிளையில்தான் பூ வரும். அதனால் ஒருமுறை பூத்து ஓய்ந்ததும் நுனிகளை வெட்டி விடுங்கள்.

ஆனால் ஒன்று. வேர், இலை, பூ, பால் என இதன் எல்லா பாகமும் விஷம்! இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். மஞ்சள் அரளியும் அப்படித்தான். அதன் விதை ரொம்பப் பொல்லாதது. மருந்துச் சட்டத்தின் நச்சுப் பொருள் பட்டியலிலேயே அலரி இருக்கிறது. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவை நிறுத்தியதும் இதனால்தான்.

'வைத்தியத்துக்கு ஆகுமாமே' என்று அரைத்துக் குடிப்பது, பூசுவது எதுவும் வேண்டாம். வெட்டும்போது கையுறை போடுங்கள். வெட்டிய கிளையை எரிக்காதீர்கள், புகையும் கெடுதல். ஆடு மாடு மேயும் இடத்தில் சருகைக் கொட்டாதீர்கள். தவழும் குழந்தை உள்ள வீடா? அது வளரும்வரை அரளியைத் தள்ளிப் போட்டு, இட்லிப் பூ வையுங்கள்.

யாராவது தெரியாமல் தின்றுவிட்டால்? உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். என்னைப் போன்ற சித்த மருத்துவரைத் தேடியும் அலையாதீர்கள். 108-க்கு போன் பண்ணி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கையோடு ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டு எடுத்துப் போனால், என்ன விஷம் என்று டாக்டருக்கு உடனே தெரியும்.

அரளி வேலியோரம் நிற்கட்டும். அடுப்படிக்குள் மட்டும் வரவே வேண்டாம்!