மரம் அறுக்கும் மெஷினும் நானும்



வற்றல், வடாம், பிள்ளை வளர்ப்பு என்று இந்தப் பகுதியில் நீங்கள் எழுதுவதையெல்லாம் ஒன்று விடாமல் படிப்பவள் நான். இன்று நான் எழுதப் போவது கொஞ்சம் முரட்டு விஷயம். கரண்டில் ஓடும் மரம் அறுக்கும் மெஷின், அதாவது செயின் ரம்பம். "அது ஆம்பளைங்க சமாச்சாரமாச்சே" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். தோப்பும் கொல்லையும் உள்ள எத்தனையோ வீடுகளில் இப்போது கிரைண்டருக்குப் பக்கத்தில் இதுவும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எங்களுக்குப் பேராவூரணி பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, கொல்லையில் நின்ற 42 தென்னையில் 11 தான் மிச்சம். பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள். அழுது முடிப்பதற்குள் அடுத்த கவலை வந்துவிட்டது. விழுந்த மரத்தை அப்படியே போட்டு வைத்தால் அது மக்கும்; மக்கின மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிடும்; புதிதாக வைக்கிற கன்றின் குருத்தை அது துளைத்துவிடும். ஊர் முழுக்க மரம் சாய்ந்து கிடக்கும்போது கூலிக்கு ஆள் எங்கே கிடைக்கும்?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் லீவு போட்டு வந்தவர், தஞ்சாவூரில் ஒரு கடையில் இந்த மெஷினை வாங்கி வந்தார். 2000 வாட்ஸ், 16 இஞ்ச் பட்டை. பெட்ரோல் மெஷின் போலக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் தொல்லை இல்லை, புகை இல்லை. கடைக்காரர் பில் கொடுத்தாரே தவிர, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்குக் கரண்ட் திரும்ப வருவதற்குள் கணவரின் லீவும் முடிந்துவிட்டது.

மெஷினைக் கையில் எடுத்தவர் என் சின்னக் கொழுந்தனார். கைலி, ரப்பர் செருப்பு, தலையில் துண்டு. "அண்ணி, நீங்க தள்ளி நில்லுங்க, அரை மணி நேர வேலை" என்றார். இடது கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கை ஒன்றாலேயே மெஷினை இயக்கினார். பட்டையின் நுனி பின்னால் கிடந்த இன்னொரு மரத்தில் இடித்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கண் இமைக்கும் நேரத்தில் மெஷின் அப்படியே மேலே எகிறித் திரும்பி அவர் இடது தோளில் பாய்ந்தது. 14 தையல். இரண்டு விரற்கடை தள்ளியிருந்தால் கழுத்து.

"அந்தச் சனியனை வித்துத் தொலைச்சிடு தாயி" என்று அத்தை (என் மாமியார்) புலம்பினார்கள். நானும் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு மரத்தைப் புரட்டினால், அடியில் கட்டைவிரல் தண்டி வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. வைத்திருந்தது 30 கன்று. என்ன செய்வேன்?

மெஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து, ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகளை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். பாதி வாசித்துவிட்டு அவள் சொன்னாள்: "அம்மா, சித்தப்பா செஞ்சது எல்லாத்தையும் இதுல செய்யாதேன்னு போட்டிருக்கு!"

அந்த எகிறல் ஏன் வருகிறது என்று புரிந்தபோதுதான் எனக்குப் பயம் தெளிந்தது. செயின், பட்டையின் மேல்பக்கமாக நம்மை விட்டு ஓடி, நுனியில் வளைந்து, கீழ்ப்பக்கமாக நம்மை நோக்கித் திரும்புகிறது. நுனியின் மேல்பாதி எதிலாவது முட்டினால், பல் கடித்துக்கொண்டு நகர முடியாமல், அந்த வேகம் முழுவதும் பட்டையை மேலே தூக்கி நம் பக்கமே எறிகிறது. அதனால் நுனி எங்கே இருக்கிறது என்பதிலேயே கண் இருக்க வேண்டும். வலது கை பின்பிடியில், இடது கை முன்பிடியில், கட்டைவிரல் பிடியைச் சுற்றி. இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதேதான். பட்டைக்கு நேர் பின்னால் தலையை வைக்காமல் சற்று இடப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கவே கூடாது. ஏணியில் நின்று அறுப்பது இன்னும் மோசம். முன்பிடிக்கு முன்னால் ஒரு தகடு இருக்கிறதே, அதை முன்னால் தள்ளினால் செயின் நின்றுவிடும். வேலை தொடங்கும் முன் அது நிற்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

உடை விஷயம் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் பெரிய பாடு. புடவையும் துப்பட்டாவும் வேண்டவே வேண்டாம். என் கணவரின் பழைய பேண்ட், முழுக்கைச் சட்டை, கெட்டி ஷூ, கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி, காதுக்கு மூடி. கொண்டையை இறுக்கித் துணி கட்டி, தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வேன். முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு அத்தை, "போலீஸ்காரி கணக்கா நிக்கிறே" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தெருவும் சிரித்தது. சிரிக்கட்டும்.

கரண்ட் விஷயத்தில் அலட்சியம் கூடாது. 2000 வாட்ஸ் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். திண்ணையில் டேபிள் ஃபேனுக்கு வைத்த சின்ன பிளக்கும் மெல்லிய ஒயரும் சூடாகி உருகிவிடும். எங்கள் எலக்ட்ரீஷியன் 16 ஆம்பியர் பிளக் வைத்து, 2.5 சதுர மி.மீ. தடிமனில் ஒயர் இழுத்து, ஈ.எல்.சி.பி.யும் மாட்டிக் கொடுத்தார். உருளையில் சுற்றிய ஒயராக இருந்தால் முழுவதையும் பிரித்து விட்டுத்தான் ஓட்ட வேண்டும். சுற்றியபடியே வைத்தால் சூடேறும். ஒயர் எப்போதும் நம் முதுகுப் பக்கம் இருக்கட்டும். மழை, ஈரத் தரை என்றால் அன்றைக்கு வேலை கிடையாது. செயினைத் தொடும் முன் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

அறுப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு முனையும் எதன் மேலாவது தாங்கி, நடுவில் தொங்கும் மரத்தை மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால், அது நடுவில் அமுங்கிப் பட்டையைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கியிருந்தால் இதற்கு நேர் எதிர். தரையில் கிடப்பதை முக்கால்வாசி அறுத்துப் புரட்டிப் போட்டு மறுபக்கம் அறுப்பேன். செயின் மண்ணில் பட்டால் போச்சு, ஒரு நொடியில் பல் மழுங்கிவிடும்.

பல் மழுங்கியதைத் தூளைப் பார்த்தே சொல்லிவிடலாம். நல்ல பல் என்றால் தேங்காய்த் துருவல் மாதிரி விழும். கேழ்வரகு மாவு மாதிரி விழுந்தால், அழுத்தி அழுத்தி அறுக்காதீர்கள், அங்கேதான் கை தவறும். உருட்டு அரத்தை எடுங்கள். எங்கள் செயினுக்கு 4 மி.மீ. அரம்; உங்களுடையதற்கு எது என்று புத்தகத்தில் இருக்கும். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் ஒரே திசையில் தள்ள வேண்டும், திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். ஒன்று விட்டு ஒரு பல் இந்தப் பக்கம் பார்க்கும், மற்றவை அந்தப் பக்கம். ஒரு பல்லுக்கு மூன்று தரம் என்றால் எல்லாவற்றுக்கும் மூன்றே தரம். ஒரு பக்கம் கூடிவிட்டால் மெஷின் கோணலாக அறுக்கும். அரிவாள்மணை தீட்டத் தெரிந்தவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. தென்னை மரம் பல்லை சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் எனக்குப் பழக்கமும் வேகமாக வந்தது. பல்லுக்கு முன்னால் உள்ள சின்னத் திமிலை மட்டும் நான் தொடுவதில்லை. அதை அதிகம் ராவிவிட்டால் எகிறல் கூடும் என்பதால் பட்டறைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

செயின் தொய்வையும் அடிக்கடி பார்க்க வேண்டும், புதுச் செயின் என்றால் இன்னும் அடிக்கடி. கையுறையோடு நடுவில் பிடித்துத் தூக்கினால் லேசாக எழும்ப வேண்டும், பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிடக் கூடாது. சூட்டில் செயின் நீளும். அப்போது இறுக்கினால், வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஆறியதும் சுருங்கி நெரிக்கும். கரண்ட் மெஷின்தானே, எண்ணெய் எதற்கு என்று நினைக்காதீர்கள். செயினுக்கென்று தனித் தொட்டி இருக்கிறது. ஒரு அட்டைக்கு நேராக, படாமல் நுனியைக் காட்டி ஓட்டினால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். வண்டியில் வடித்த பழைய ஆயிலை ஊற்றும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அது மெஷினுக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. தென்னை நார் பக்க மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். அன்றன்றைக்கே கழற்றி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுவேன். வைத்திருக்கும்போது எண்ணெய் கசிவது இயல்பு. அடியில் ஒரு பழைய தாம்பாளம்.

இன்னொன்று. சுவர் அறுக்கும் கிரைண்டரில் மாட்டிக்கொள்ளலாம் என்று செயின் வைத்த வட்டத் தகடு மலிவாக விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் செயினை நிறுத்தும் தகடு கிடையாது, வேகமோ பல மடங்கு.

அந்த 31 மரத்தையும் துண்டு போட்டுப் பிளந்து காயவைக்க எனக்கு நாலரை மாதம் பிடித்தது. 30 கன்றில் 26 பிழைத்து இப்போது காய்க்கின்றன. கொழுந்தனாருக்கு இடது கை இன்னும் தோளுக்கு மேல் முழுசாக எழும்பாது. அவ்வப்போது வந்து, "அண்ணி, வேலி ஓரம் ஒரு கிளையை அறுக்கணும், மெஷினைக் குடுங்க" என்பார். காலில் ஷூ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

- ஒரு வாசகி, பேராவூரணி.